வண்டி ஓடுகிறது, வந்து பார்க்கவும்

அவருடைய மோட்டார் சைக்கிள் நடுவழியில் நின்றுவிட்டால், தள்ளிக்கொண்டு போகலாமா என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார். "செத்தாதான் தூக்கிக்கினு போவாங்க. இது சாவல, உக்காந்துக்கினு இருக்குது. நானும் உக்காந்துக்கறேன்" என்பார். சொன்னபடியே அந்த இடத்தில் கோணிப்பையை விரித்து உட்கார்ந்தும் விடுவார்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். அவர் அங்கே ஊர் ஊராகப் போய்க் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர். டாக்டர் இல்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் அத்தனை பேரும் அவரைத்தான் மாட்டு டாக்டர் என்றார்கள். உண்மையான டாக்டருக்கு அதில் உள்ளூர வருத்தம் உண்டு. எனக்கும் அவருக்கும் ஒரே வயது. அதைத் தவிர வேறு பொருத்தம் கிடையாது. நான், யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறவன். அவர் எதையும் இரண்டு தரம் படித்துவிட்டு, "இதுல போட மாட்டேன்" என்று திருப்பி நீட்டுகிறவர். இத்தனை நாளைக்குப் பிறகு அவர் பெயரை எழுதிக் காட்ட நான் யார்? பெயரில்லாமலே இருக்கட்டும்.

வண்டி அவருடையது அல்ல, ஆஸ்பத்திரியுடையது. யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஓட்டித் தீர்த்து ஏலத்தில் விட்டுப்போனது. எருமை நிறத்தில் அதன் மேல் யாரோ பூசியிருந்த பெயிண்ட் உரிந்து, உள்ளே இருந்த பட்டாளத்துப் பச்சை அங்கங்கே தெரியும். நெடுந்தூரம் போகச் செய்த வண்டி, அதனால் பின்னால் பெரிய இரும்புக் காரியரும் இரண்டு பக்கமும் பைகளும் உண்டு. ஒரு பையில் ஊசிகளும் மருந்தும். இன்னொன்றில் ஸ்பேனர்கள், பழைய பிளக்குகள், செயின் துண்டுகள், ஒரு பாட்டில் எண்ணெய். ஐஸ் போட்ட பிளாஸ்க்குக்கு மட்டும் பை கிடையாது. நோய் கண்ட ஊருக்குப் போகும் நாட்களில் அதை மடியில் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்துபோவது என் வேலை.

பழுது பார்ப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. மூன்று கேள்வி கேட்பார். நெருப்பு வருதா? பெட்ரோல் வருதா? மூச்சு வருதா? பிளக்கைக் கழற்றி இரும்பில் வைத்துக் கிக்கரை மிதித்துப் பொறி பார்ப்பார். அப்புறம் டாங்க், குழாய், கார்பரேட்டர். அப்புறம் பிளக் ஓட்டையில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு என்ஜின் காற்றைத் தள்ளுகிறதா என்று பார்ப்பார். இந்த வரிசை மாறவே மாறாது. காரணம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தால்கூட முதல் கேள்வியில் இருந்துதான் தொடங்குவார். பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாட்டுக்கும் இதே வைத்தியம்தான். படுத்த மாட்டைக் காட்டி, "கண்ணு பட்டுருச்சு சாமி" என்று ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போதே இவர் காதைத் தொட்டுப் பார்ப்பார், சாணியைக் கிளறிப் பார்ப்பார், விலாவில் காதை வைத்துக் கேட்பார். "மாடும் வாயத் தொறந்து சொல்லாது, வண்டியும் சொல்லாது. நாமதான் கேக்கணும்" என்பார்.

ஒரு சந்தை நாளில் திண்டிவனம் கடைத்தெருவின் நட்டநடுவில் வண்டி நின்றுவிட்டது. ஓரமாகக்கூட நகர்த்தவில்லை மனிதர். கோணிப்பை விரிந்தது, ஸ்பேனர்கள் வரிசையாக வந்து படுத்தன. பின்னால் வந்த பஸ் ஹாரனை அடித்துத் தீர்த்தது. கண்டக்டர் இறங்கி வந்து, "இன்னா சார், பேஜாரு பண்றீங்க! நாலு பேரு கை குடுத்தா ஓரமாப் போயிடும், ஜல்தியா எழுந்திருங்க" என்றார். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க பஸ்ஸு நின்னா நான் வந்து தள்ளச் சொன்னேனா? சுத்திக்கினு போங்க" என்றார். பஸ் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே புகுந்து சுற்றிக்கொண்டுதான் போனது. வெட்கத்தில் நான் ஒரு வளையல் கடைக்குள் நுழைந்து, வாங்குகிறவன் போல நின்றுகொண்டிருந்தேன். ஊரே திட்டிய அந்த முக்கால் மணி நேரமும் அவர் கை ஒரு திருகுகூடத் தவறவிடவில்லை. பிடிவாதக்காரர் என்று அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தக் கோபம் இரும்பை என்ற ஊரில்தான் போயிற்று. அந்தப் பக்கம் மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டிருந்தது. வாயில் புண் வந்து, கழிந்து கழிந்து, ஒரு வாரத்தில் தொழுவமே காலியாகிவிடும். தடுப்பூசி மருந்து ஐஸில் இருக்கும்வரைதான் மருந்து, ஐஸ் கரைந்தால் வெறும் தண்ணீர். பஸ் போகாத ஊர். செம்மண் ஓடைக்குள் இறங்கி ஏறும்போது செயின் அறுந்தது. வெயில் சுட்டெரித்தது. எதிரே ஓடிவந்த ஊர்க்காரர்கள் வண்டியோடு சேர்த்து எங்களைத் தூக்கிக்கொண்டு போகவும் தயாராக இருந்தார்கள். அவர் ஒருவரைக் கூப்பிட்டு, "இந்தப் பிளாஸ்க்கக் கொண்டுபோய்க் கூடையில வெச்சு, கெணத்துல தண்ணிக்கு மேல தொங்க வுடுங்க. நான் வர்றவரைக்கும் யாரும் தொறக்கக் கூடாது" என்றார். பிறகு உட்கார்ந்து, பழைய செயின் துண்டில் இருந்து ஒரு கண்ணியைக் கழற்றிக் கோத்தார். வண்டியில் ஏறித்தான் ஊருக்குள் போனார். சாயங்காலத்துக்குள் மாகாளேஸ்வரர் கோயில் முன்னால் கட்டியிருந்த அத்தனை மாடுகளுக்கும் ஊசி போட்டாயிற்று. அங்கிருந்து கடற்கரையோரமாகப் பொம்மையார்பாளையம் போய், அங்கே இருந்த பத்துப் பதினைந்து மாடுகளையும் விடவில்லை. கால்நடையாகப் போயிருந்தால் அன்றைக்கு இரண்டில் ஒரு ஊருக்குத்தான் மருந்து சேர்ந்திருக்கும்.

இந்த வண்டியைத்தான் விழுப்புரத்தில் இருந்த எங்கள் மேலதிகாரி கண்டம் பண்ண நினைத்தார். இனி உதவாது என்று எழுதிக் கழித்துக்கட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதற்கு ஆபீஸில் அதுதான் பெயர். வண்டிக்குப் பதில் ஒரு சைக்கிள் வரும். கெட்ட மனிதர் இல்லை அதிகாரி. சுத்தமான சட்டை, நெற்றி நிறைய விபூதி, மேஜையில் ஒரு தூசி இருக்காது. பதினைந்து வருஷம் ஆன எந்தப் பொருளும் அவர் கணக்கில் குப்பை, அவ்வளவுதான்.

ஆனால் கண்டம் பண்ணுவதற்கு, வண்டியை வைத்திருப்பவர் 'உபயோகத்துக்கு லாயக்கில்லை' என்று கையெழுத்துப் போட்டாக வேண்டும். படிவம் வந்தது. இவர் இரண்டு தரம் படித்தார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில், இங்கிலீஷ் படிவத்தில், கொட்டை கொட்டையான தமிழில் எழுதினார்: 'வண்டி ஓடுகிறது. வந்து பார்க்கவும்.' அடுத்த வருஷமும் படிவம் வந்தது, அடுத்த வருஷமும் அதே வரி போனது. மூன்றாம் வருஷம் அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. ஆயுத பூஜை முடிந்த மறு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, வழியில் எங்கும் நிற்காமல் வண்டி விழுப்புரம் ஆபீஸ் வாசலுக்கு வந்து சேர வேண்டும். நின்றால் மறுபேச்சில்லாமல் கையெழுத்து என்று எழுதியிருந்தார். இவர் 'சம்மதம்' என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டார்.

இங்கேதான் என் கதை வருகிறது. நான் சாமி, சடங்கு என்று ஊறிப்போனவன். ஆயுத பூஜையன்று ஆஸ்பத்திரித் தராசில் இருந்து ஊசிக்குழாய் வரைக்கும் என் கையால் சந்தனம் குங்குமம் வைத்தால்தான் எனக்கு அந்த வருஷம் வருஷமாக இருக்கும். அவர் கோயிலுக்குப் போகமாட்டார், போகிறவர்களைக் கேலியும் செய்யமாட்டார். ஆனால் வண்டியில் மட்டும் பொட்டு வைக்க விடமாட்டார். "மாட்டுக் கொம்புக்கு வெய்யுங்க, சந்தோஷம். இரும்புக்கு எண்ணெ போட்டாப் போதும்" என்பார். அந்த வருஷம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை பரீட்சைக்காக டாங்கை விளிம்பு வரை நிரப்பித் துடைத்து நிறுத்தியிருந்தார். அவர் டீ குடிக்கப் போன சமயத்தில், மனதார வேண்டிக்கொண்டு, விளக்கிலும் ஹாண்டில் பாரிலும் டாங்க் மூடியிலும் கெட்டியாகச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். என் பிள்ளைகள் பரீட்சைக்குக்கூட நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

வந்து பார்த்தவர் முகம் சுண்டிப்போயிற்று. "வேணாம்னு சொன்னேனா இல்லியா, கம்பவுண்டரே?" என்றார். பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகத் துடைத்தார். டாங்க் மூடியில் இருந்ததைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். அந்தத் தேய்ப்பில் எனக்கு விழ வேண்டிய திட்டு அத்தனையும் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் கிளம்பினோம். இருபத்துச் சொச்சம் மைல்தான், தார் ரோடு. முதல் உதையிலேயே என்ஜின் எழுந்தது. கூட்டேரிப்பட்டு வருவதற்குள் வண்டி இரண்டு தரம் தும்மி, மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது. கோணிப்பை விரிந்தது. நெருப்பு வந்தது. "டாங்க்ல பெட்ரோல் இருக்குதா பாருங்க" என்றார். நான் மூடியைத் திறந்து பார்த்து, "நெறைய இருக்குது சார்" என்று மூடினேன். கார்பரேட்டரைக் கழற்றி வாயால் ஊதி மாட்டினார். வண்டி எழுந்தது. தூசிதான் என்றார்.

ஆறேழு மைலில் மறுபடியும் அதேபோல நின்றது. மறுபடியும் நெருப்பு, மறுபடியும் நான் மூடியைத் திறந்து பார்த்தது, மறுபடியும் மூச்சு. பிளக்கை மாற்றினார். எழுந்தது. விக்கிரவாண்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மூன்றாவது தரம் நின்றது. பத்தரை மணி.

பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் அடையாளம் கண்டு ஓடிவந்தார்கள். அதில் ஒரு பெரியவருடைய உழவு மாடுகளைப் போன கோடையில் இவர்தான் பிழைக்க வைத்திருந்தார். விஷயத்தை நான்தான் சொன்னேன். பெரியவர், "இதுக்கா இப்படி உக்காந்துக்கினு இருக்கீங்க? கட்ட வண்டி கட்டறேன். ஏத்திக்கினு போய் ஆபீசுக்கு இந்தாண்ட முக்குல எறக்கி வுட்டுடறேன். அங்கேருந்து உதைச்சிக்கினு போயிடுங்க. எவன் பாத்தான்?" என்றார்.

"மாட்ட வெச்சு இழுக்கறதுக்கா, மாட்டுக்கு ஊசி போட இத்தினி வருஷம் இத ஓட்டினேன்? வேணாங்க பெரியவரே" என்றார் இவர்.

எனக்குத் தாங்கவில்லை. "வீம்பு புடிக்காதீங்க சார்! சைக்கிள்ல நீங்க இரும்பைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ஐஸு கரைஞ்சிடும். வண்டி போனா மாடும் போச்சு" என்று கத்தியே விட்டேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தரம்தான்.

அவர் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அன்றைக்கு முதல் தடவையாக வரிசையை விட்டுவிட்டார். "ஒரு தரம் கார்பரேட்டரு, ஒரு தரம் பிளக்கு. ரெண்டும் வேற வேற. ரெண்டு தரமும் எழுந்துக்குச்சு. ரெண்டு தரமும் செஞ்சது இன்னா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "கம்பவுண்டரே, மூடியத் தொறக்கறப்போ எதனா சத்தம் கேட்டுச்சா?"

"ஸ்ஸுன்னு காத்து உள்ள போறாப்புல ஒரு சத்தம் கேட்டுச்சு சார்."

"ரெண்டு தரமுமா? மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க கேக்கலியே சார்."

அவர் எழுந்து டாங்க் மூடியில் காதை வைத்து, மெதுவாகத் திருகினார். ஸ்ஸ் என்றது. மூடியைத் திருப்பி மூக்கருகே கொண்டுபோனார். அப்புறம் என் மூக்கருகே நீட்டினார். பெட்ரோல் வாசனைக்குள் சந்தனம் மணத்தது.

அந்த மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று அது வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அது அடைத்துவிட்டால் டாங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் ஒரு சொட்டு கீழே இறங்காது. என் சந்தனம் அதற்குள் போய்க் காய்ந்து கல்லாகியிருந்தது. நான் மூடியைத் திறந்து பார்த்தபோதெல்லாம் காற்றுப் புகுந்து வண்டி பிழைத்திருக்கிறது. தெய்வமே என்று வேண்டி வைத்த பொட்டு அவர் கழுத்தைப் பிடித்திருக்கிறது. ரோட்டோரத்தில் நின்று அழுதுவிட்டேன். எனக்கு அதில் வெட்கமில்லை.

"இன்னாத்துக்கு அழுவறீங்க? நீங்க வெச்சது மேலாப்புலதான். உள்ள தள்ளினது என் கட்டவெரலு" என்றார். பையைத் திறந்து மாட்டுக்குப் போடும் ஊசி ஒன்றை எடுத்து ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்தார். இரண்டு உதையில் வண்டி எழுந்தது.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆபீஸ் வாசலில் நின்றோம். போர்ட்டிகோவில் அதிகாரியின் ஜீப் நின்றிருந்தது. அதில் ஆயுத பூஜை வாழைக்கன்று வாடித் தொங்கியது, கண்ணாடியில் பெரிய சந்தனப் பொட்டு. "வழியில நின்னதச் சொல்ல வேணாம் சார்" என்று அவர் முழங்கையைப் பிடித்துக் கெஞ்சினேன். கையை விடுவித்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தில் லேசாக ஏமாற்றம். "வந்துட்டீங்க. வழியில எங்கியாவது நின்னுச்சா?"

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர், "மூணு தரம் சார்" என்றார்.

அதிகாரி படிவத்தையும் பேனாவையும் இந்தப் பக்கம் நகர்த்தினார். இவர் நின்றபடியே இரண்டு தரம் படித்தார். பழுதின் விவரம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரே வார்த்தை எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷமாகப் போடாத கையெழுத்து.

அதிகாரி எடுத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சந்தனமா? என்னய்யா இது?"

"ஆயுத பூஜைச் சந்தனம் சார். டாங்க் மூடி ஓட்டையில பூந்து அடைச்சிக்கிச்சு. ஊசியால எடுத்துட்டேன். வேற பழுது கெடையாது."

"யாரு வெச்சது?"

"அடைச்சது நான் சார்."

"இத எப்படிய்யா நான் மேல அனுப்பறது? சந்தனத்தால வண்டி கெட்டுப்போச்சுன்னு எழுதினா என்னைப் பாத்துச் சிரிப்பாங்க."

"நின்னா கையெழுத்துப் போடறேன்னேன். நின்னுச்சு, போட்டுட்டேன். அனுப்புங்க சார்."

அதிகாரி ஜன்னல் வழியாகத் தன் ஜீப்பைப் பார்த்தார். அதன் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். படிவத்தை இழுப்பறையில் போட்டு மூடினார். "போய்யா" என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கியபோதுதான் இவர், "அடுத்த வருஷம் வெய்யுங்க. மூடியை மட்டும் கழட்டி என்னாண்ட குடுத்துட்டு வெய்யுங்க" என்றார். அடுத்த வருஷம் பூஜை முடியும்வரை டாங்க் வாயில் துணியைச் சுருட்டி வைத்துவிட்டு, மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார்.

அவரை அதிக நாள் விட்டுவைக்கவில்லை. தெற்கே எங்கோ ஒரு கோடிக்கு மாற்றல் வந்தது. ஒரே வார்த்தையில் மடக்கப்பட்டதை எந்த அதிகாரி மறப்பார்? வண்டி ஆஸ்பத்திரியுடையது, கொண்டுபோக முடியாது. பஸ் ஏறுகிற அன்று கொட்டகைக்குப் போய் வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார், அவ்வளவுதான். அவருக்குப் பதில் வந்தவர் நல்ல பிள்ளை. அந்த வண்டியைக் கண்டால் பயம். நோய் வந்த ஊர்களுக்கு ஐஸும் சைக்கிளுமாகப் போய், பாதி ஊருக்கு மருந்து போட்டுத் திரும்பினார். மீதிப் பாதி ஊரைப் பற்றி நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

அறுபதுகள் தொடங்கிவிட்டன. ஒரு மழைக்காலம் போய்த் தை பிறந்ததும் படிவம் வந்தது. புதியவர் வண்டியைத் தொடாததால், வைத்திருப்பவர் என்ற இடத்தில் இந்த முறை என் பெயர். விழுப்புரத்தில் இருந்து அதைக் கொண்டுவந்த குமாஸ்தா, "ஒரு கையெழுத்துதானே கம்பவுண்டரே, போட்டுக் குடுங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார். நான் பேனாவை எடுத்துவிட்டேன். உத்தியோகத்தில் சேர்ந்த நாளில் இருந்து போட்டுப் பழகிய கை.

பேனாவை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். சீட்டின் மேல் கோழி முட்டையிட்டிருந்தது. பிளக்கைக் கழற்றி, துடைத்து, பொறி பார்த்தேன். வந்தது. பழைய பெட்ரோலை வடித்துவிட்டு பக்கத்து மோட்டார் ஷெட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிய புதியதை ஊற்றினேன். பையில் பஞ்சில் குத்தி வைத்திருந்த அந்த ஊசி அப்படியே இருந்தது. மூடி ஓட்டையைக் குத்தினேன். விரலை வைத்து மூச்சுப் பார்த்தேன். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்தேன். எத்தனை உதை என்று எண்ணவில்லை. கிக்கர் திருப்பி அடித்துக் கெண்டைக்கால் கன்றிப்போயிற்று. குமாஸ்தா சிரித்தார். அப்புறம் வண்டி ஒரு தரம் இருமி, புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தது. வாசலில் கட்டியிருந்த பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

எனக்கு ஓட்டத் தெரியாது. அதை அணைக்கவும் மனமில்லை. அது அங்கேயே உறுமிக்கொண்டு நிற்க, நான் உள்ளே வந்து உட்கார்ந்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் எழுதினேன்: 'வண்டி ஓடுகிறது. வந்து பார்க்கவும்.' எழுத்துக் கோணிக்கொண்டுதான் போயிற்று. உதைத்ததால் கோணியதா பயத்தால் கோணியதா என்று கேட்டால் இரண்டும்தான். கீழே என் பெயரைப் பெரிதாக எழுதி, படிவத்தைக் குமாஸ்தாவிடம் நீட்டினேன்.